நாற்பத்தோராவது கேள்வி

ஏழு இல்லை. ஏ ஆறு, பி எட்டு, சி ஒன்பது, டி பத்து. ஏழைக் காணோம். இந்தியாவில் யூனியன் பிரதேசங்கள் எத்தனை என்று கேட்டுவிட்டு, ஏழை மட்டும் விட்டுவிட்டு அக்கம்பக்கத்து எண்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் வந்துவிட்ட கல்யாணம் மாதிரி. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அச்சடித்தவன் தூங்கிவிட்டான் போல, இத்தனை லட்சம் பேர் எழுதுகிற அரசாங்க வேலைப் பரீட்சையில் இப்படியா என்று. நாற்பது கேள்வியை இருபது நிமிஷத்தில் முடித்திருந்தேன். நாற்பது வட்டம், ஒவ்வொன்றும் கோட்டுக்கு வெளியே போகாமல், கறுப்பு மையில், பிள்ளைக்குக் கன்னத்தில் வைக்கிற பொட்டு மாதிரி உருண்டையாக. எனக்கே என் கையைப் பார்த்துப் பெருமை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு, முட்டி இடிக்கிறது. இருபது பேர் இருக்கிறோம். ஒருத்தர் தலையும் நிமிரவில்லை. கேள்வி தப்பு என்றால் ஒருத்தராவது திருதிருவென்று முழிக்க வேண்டாமா. எனக்கு முன்னால் உச்சந்தலை வழுக்கை விழுந்த அண்ணன் ஒருத்தர், அவர் நாற்பத்தொன்றைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார், தோள் ஆடுவதிலேயே தெரிகிறது. வலது பக்கத்துப் பெண் மருதாணிக் கையால் பக்கத்தைப் புரட்டுகிறாள், நிதானமாக, அவள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி. நான் கையைத் தூக்கினேன். மேற்பார்வைக்கு நின்ற மேடம் வந்து குனிந்தார். "மேடம், நாப்பத்தொண்ணுல சரியான விடையே இல்ல." அவர் என் கேள்வித்தாளைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "கேள்வியைப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. தெரியலைன்னா கடைசி வட்டத்தைப் போடுங்க." கடைசி வட்டம் என்றால் ஈ. விடை தெரியவில்லை என்பதற்கு என்றே ஒரு வட்டம், தெரியாது என்பதையும் கறுப்பு மையில் உருட்டிக் காட்ட வேண்டும். ஆனால் எனக்குத் தெரியுமே. ஏழு என்று தெரியுமே. தெரிந்தவள் எப்படித் தெரியவில்லை என்று போடுவாள். வழுக்கை அண்ணன் திரும்பாமலே சிரித்தார், முதுகு சிரித்தது.

ஏழு என்று சொன்னது அத்தான். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம், ரயில்வேயில் கேட் கீப்பர், பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் எங்கள் கேட். ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து போன் வரும், ஒரு நம்பர் சொல்வார்கள், அதை நோட்டில் எழுதிவிட்டு இறங்கி வந்து கைப்பிடியைச் சுற்றுவார், இரண்டு பக்கமும் கம்பம் இறங்கும். அங்கேதான் எனக்குப் பள்ளிக்கூடம். தமிழும் கணக்கும் நானே புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டேன், பொது அறிவு மட்டும் அத்தான் வாயிலிருந்து. மகள் ஆவுடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிற்பேன், அவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கேட்பார். ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி. "மாநிலம்?" "இருபத்தெட்டு." "யூனியன்?" "ஏழு." "மாவட்டம்?" "முப்பது." "கோள்?" "ஒம்பது." கம்பம் தரையைத் தொடும்போது நானும் முடித்திருப்பேன். இரண்டாயிரத்து ஐந்தில் இதே கேள்விகளை வாய்ப்பாடாகப் படித்துத்தான் அவர் பரீட்சை பாஸ் பண்ணி வேலைக்கு வந்தார், அந்தப் புத்தகம் செல்லரித்துப் போனாலும் ஒரு வரி மறக்கவில்லை. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மூக்கு ஒழுகிக்கொண்டு இருந்திருப்பேன். கேட் மூடியிருக்கும்போது பைக்கில் காத்து நிற்கிற பால்காரரும் சேர்ந்துகொள்வார், "ஏ தங்கச்சி, உலகத்துலயே ஒசந்த கட்டடம்?" என்று எனக்குக் கேள்வி போடுவார், நான் "தைபே நூத்தியொண்ணு, தைவான்" என்பேன், "எய்யா, இவ கலெக்டராயிருவா போலுக்கே" என்பார். டிராக்டர்காரர் கை தட்டுவார். ஒரு வருஷமாக அந்த ரோட்டில் போகிற வருகிற எல்லாரும் சேர்ந்து என்னைப் படிக்கவைத்தார்கள். ஒரே ஒரு நாள் ஸ்கூட்டியில் ஒரு காலேஜ் பிள்ளை நின்றாள். நான் கோள் ஒம்பது என்றதும், "அக்கா, எட்டு" என்றாள். அத்தான் சிரித்தார். "ஏம்மா, ஒண்ணை வித்துத் தின்னுட்டியளா?" பால்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன், நான்தான் ரொம்பச் சிரித்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ரயில் போய்விட்டது, கம்பம் ஏறிவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அவள் போய்விட்டாள். எட்டு. எனக்கே கூட ஏழாம் வகுப்பில் அற்புதமேரி டீச்சர் எட்டு என்று சொன்ன மாதிரி ஒரு ஞாபகம் இருந்தது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையும்போது சொன்னேன். "ஏட்டி, ஏழாங்கிளாஸ் டீச்சரை நம்புவியா, பாஸ் பண்ணி வேலை பாக்க என்னை நம்புவியா?" அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அரிசியில் கல் பார்த்துக்கொண்டே டீச்சரைத் தூக்கிப் போட்டேன்.

இப்போது எதற்கு இதெல்லாம், நேரம் ஓடுகிறது, ஏழு இல்லாவிட்டால் ஏழுக்குப் பக்கத்தில் எட்டைப் போட்டுவிட்டுப் போவோமா என்று ஹால் டிக்கெட்டை நகர்த்தினேன், காற்றில் பறக்காமல் இருக்க முழங்கையை அதன் மேல் ஊன்றியிருந்தேன், முழங்கையை எடுத்ததும் கீழே அச்சடித்திருந்தது தெரிந்தது, தேர்வு மையம், தென்காசி மாவட்டம். தென்காசி மாவட்டம். நான் இருக்கிற மாவட்டம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம் திருநெல்வேலியிலிருந்து பிரித்தார்கள், எங்கள் ஊரில் வெடி போட்டார்கள், அத்தான் ஆதாரில் இன்னும் திருநெல்வேலி, என் ரேஷன் கார்டில் தென்காசி, எதிலே எதை மாற்ற என்று நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் தலையைச் சொறிந்தோமே. அப்படி என்றால் முப்பது எப்படி முப்பதாகவே இருக்கும். பன்னிரண்டாவது கேள்வி. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. நான் முப்பதை உருட்டியிருக்கிறேன், அழகாக. எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது, கிணற்றில் குதித்தவுடன் அடைக்குமே, அந்த மாதிரி. அத்தான் கணக்குப்படி நான் உட்கார்ந்திருக்கிற மாவட்டமே கிடையாது. இல்லாத மாவட்டத்தில் கேட்டை மூடித் திறந்துகொண்டு, இல்லாத மாவட்டத்து ரேஷன் அரிசியை வடித்துச் சாப்பிட்டுக்கொண்டு, தினமும் இரண்டு பேரும் வாய் நிறைய முப்பது, முப்பது என்று சொல்லியிருக்கிறோம். ஒரு நாள் கூட, ஒரே ஒரு நாள் கூட, எங்களில் ஒருத்தருக்குக் கூட. அய்யோ. அது என் வாயிலிருந்து வந்துவிட்டது, மருதாணிப் பெண் திரும்பிப் பார்த்தாள். மேடம் பார்த்தார். நான் பேனாவைக் கீழே போட்டு எடுக்கிற மாதிரி குனிந்தேன். குனிந்தபடியே எண்ணினேன். மூன்றாவது கேள்வி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கோள், புளூட்டோ போட்டேன். எட்டாவது கேள்வி மிக நீளமான ரயில்வே பிளாட்பாரம், காரக்பூர் போட்டேன், பக்கத்திலேயே ஹூப்ளி இருந்தது, அதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று இளக்காரமாகப் பார்த்துவிட்டு வந்தேன். பத்தொன்பது, செம்மொழிகள் எத்தனை, ஒன்று என்று போட்டேன், நம்ம தமிழ்தான், அத்தான் நெஞ்சைத் தட்டிச் சொல்வாரே, மீதி மூன்று விடையும் ஆறு, ஒன்பது, பதினொன்று என்று பெரிதாக இருந்ததே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா. இருபத்தாறு, மிக நீண்ட தூரம் ஓடும் ரயில், ஹிம்சாகர். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற வண்டி ஒன்று இருக்கிறது, என் தம்பி அதில் ஏறித்தான் வடக்கே வேலைக்குப் போனான், நாலு நாள் ஆச்சு அக்கா, கால் வீங்கிப்போச்சு என்று போன் பண்ணினான், அந்த வண்டியும் விடையில் இருந்தது, தம்பியின் வீங்கின காலையும் மீறி நான் ஹிம்சாகர் போட்டேன். முப்பத்து மூன்று, உயரமான கட்டடம், தைபே போட்டேன். துபாயில் இருக்கிற கட்டடத்தின் உச்சியில் நின்று பெரியம்மா மகன் எடுத்த போட்டோவை நான்தான் லைக் பண்ணினேன். அழிக்க முடியாது. பேனாவால் உருட்டினதை அழிக்க முடியாது. சுரண்டினால் தாளே செல்லாது என்று ஆரம்பத்திலேயே படித்துக் காட்டினார்கள். நாற்பது பொட்டும் என்னைத் திரும்பிப் பார்க்கின்றன.

மின்விசிறி திரும்பின பக்கம் சுவரில் படபடவென்று சத்தம். வகுப்பில் ஒட்டியிருந்த படங்களை எல்லாம் செய்தித்தாள் போட்டு மறைத்திருக்கிறார்கள், நாங்கள் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று. ஒரு தாளின் ஓரத்தில் பசை விட்டுப்போய், விசிறி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் தூக்கிக்கொள்கிறது. தூக்கினபோது நீல நிறத்தில் ஒரு உருண்டை, கீழே நெப்டியூன் என்று எழுத்து, அதற்கு அப்புறம் படத்தின் ஓரம், அப்புறம் சுவர். வெறும் வெள்ளைச் சுவர். அங்கே ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் பார்க்கிற சுவர். அந்த ஸ்கூட்டிப் பிள்ளை கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று சொல்ல வந்ததை இந்தச் சுவர் சொல்கிறது, நான் இப்போதும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தான் பொய் சொன்னாரா. அவருக்குப் பொய் வராது, பக்கத்து வீட்டுக்காரி குழம்பு நல்லா இருக்கா என்று கேட்டால் கூட இல்லை என்று சொல்லிவிட்டு வருகிற ஆள். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இருபது வருஷமாக வடக்கே போகிறவனும் தெற்கே போகிறவனும் அவர் முன்னால்தான் போகிறார்கள், ஜன்னலில் கையை ஆட்டுகிறார்கள், அவரும் பச்சைக் கொடியைக் காட்டுகிறார், கேட்டில் வண்டி நிற்காது, யார் இறங்கி வந்து நாயகம், ஒரு கோள் குறைஞ்சுபோச்சு, எட்டு மாவட்டம் கூடிப்போச்சு என்று சொல்வார்கள். ஆனால் வேறு எதெல்லாம். இது ஒரு நினைப்பு வந்து மாட்டிக்கொண்டது, எடுக்க எடுக்க வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று நூறு வரைக்கும் பயமில்ல, ஈரத்துணி போதும் என்றார், போதும் என்று நான் இருந்தேன். அது எந்த வருஷத்துக் கணக்கு. ஆறு மாசத்துக்கு அப்புறம் பருப்புத் தண்ணீர் குடு என்றார். அது எந்தப் புத்தகம். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்கிறாரே, இன்னும் கொதிக்கிறதா. நேற்றுக் காலையில் கொதித்தது, நானே பார்த்தேன், சாயா போட்டேன். சரி. கொதிக்கிறது. நான் பார்த்தது நிஜம். மூச்சை இழுத்து விட்டேன். எங்கேயோ வெளியில், பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு அந்தப் பக்கமோ ரோட்டிலோ, ஒரு பிள்ளை அழுதது. ஆவுடை இல்லை, ஆவுடை அழுகை தொண்டையிலிருந்து வரும், இது மூக்கிலிருந்து. ஆனாலும் மாருக்கு அது தெரியவில்லை, பால் சுரந்து ஜாக்கெட்டின் இடது பக்கம் சூடாக நனைந்தது. சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளியில் புங்க மரத்தடியில் அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார், என் பாடம் எல்லாம் அவர் பாடம், இன்றைக்குப் பரீட்சை எழுதுவது பாதி அவர்தான். இன்னும் சொல்லப் போனால் முக்கால். எங்கள் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போடுகிறார்கள், குழி வெட்டியாயிற்று, தை மாசம் திறப்பார்களாம். திறந்தால் கேட் இல்லை, கேட் இல்லாத இடத்தில் கேட் கீப்பர் எதற்கு, அவரை எந்த ஊரில் கொண்டுபோய் உட்காரவைப்பார்களோ. எனக்கு இந்த வேலை கிடைத்துவிட்டால் இந்த மாவட்டத்திலேயே ஒரு ஆபீஸ், ஒரு நாற்காலி, ஆவுடைக்கு ஒரே பள்ளிக்கூடம், இரண்டு பேரில் ஒருத்தராவது ஊன்றி நிற்கலாம். அடுத்த பரீட்சை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இது. அதனால்தான் இந்த நாற்பது.

அழுவதற்கு நேரம் இல்லை. சோறு அடிப்பிடித்தால் அழுதுகொண்டா இருப்போம், மேலாக எடுத்து வேறு பானையில் போட்டால் பாதியாவது தேறும். பாதியைத் தேற்றுவோம் என்று நாற்பதையும் மறுபடி மேலிருந்து பார்த்தேன். முதல் ரயில் எப்போது ஓடியது, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்று, பம்பாயிலிருந்து தானே. அது ஓடி முடிந்துவிட்டது, இனிமேல் யாரும் அதைத் திருப்பி ஓட்ட முடியாது, அது அத்தானுக்கும் எனக்கும் அந்த ஸ்கூட்டிப் பிள்ளைக்கும் ஒன்றுதான். பென்சிலின் கண்டுபிடித்தவர், கண்டுபிடித்தாயிற்று. இந்தியாவின் தென்முனை, கடல் அங்கேதான் இருக்கிறது. நடந்து முடிந்தது மாறவில்லை. எத்தனை என்று கேட்டால், மிக நீளம், மிக உயரம் என்று கேட்டால்தான் கண்ணிவெடி. அதுதானா விஷயம். இது எனக்கு இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே, வீட்டில் பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்போது மாசாமாசம் அளவு பார்க்கிறவள்தானே நான். எண்ணினேன். பதினொரு கேள்வி போயிற்று. பதினொன்று நிச்சயமாகப் போயிற்று. மாநிலங்கள் இருபத்தெட்டு என்று போட்டது பன்னிரண்டாவதாகப் போனதோ என்னவோ. தெலுங்கானா புதிதாக வந்தது, அது ஒன்று கூடியது, இருபத்தொன்பது. காஷ்மீரை மாநிலத்திலிருந்து எடுத்தார்கள், டிவியில் நாளெல்லாம் ஓடியது, ஒன்று குறைந்தது, இருபத்தெட்டு. அத்தானின் இருபத்தெட்டு வெளியே போய் ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வீட்டுக்கே வந்திருக்கிறது. எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அப்படியே நாற்பத்தொன்றுக்கு வந்தேன். ஏழு இருந்தது, காஷ்மீர் ஒன்று, லடாக் ஒன்று, ஏழும் இரண்டும் ஒன்பது. அத்தான் சொல்லாத, புத்தகத்தில் இல்லாத, நானே கூட்டின ஒன்பது. சி வட்டத்தை உருட்டும்போது மை கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. அதற்கு அப்புறம் அவர் குரல் காதில் வரும்போதெல்லாம் நிறுத்தினேன். கேள்வியைப் படித்தவுடனே பதில் வருகிறது, அவர் குரலில், கைப்பிடி சுற்றுகிற சத்தத்தோடு. வந்த பதிலைப் பிடித்து நிறுத்தி, எங்கே பார்த்தாய், யார் சொன்னார்கள், எந்த வருஷம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்திக்கொண்டு அவர் குரலை வாசலில் நிறுத்திவைப்பது இவ்வளவு கஷ்டமா. நாற்பத்தேழில் அவர் சொன்னதுக்கும் அற்புதமேரி டீச்சர் சொன்னதுக்கும் சண்டை, டீச்சர் பக்கம் போனேன். ஐம்பத்து மூன்றில் யார் சொன்னதும் ஞாபகம் இல்லை, ஈ போட்டேன். ஈ போடுவதற்கு முதலில் வெட்கமாக இருந்தது. நாலாவது ஈ போடும்போது பழகிவிட்டது, ஏழாவது போடும்போது ஒரு மாதிரி சுத்தமாகக் கூட இருந்தது. மேடம் வந்து, "இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு, கணக்கு முடிச்சாச்சா எல்லாரும்?" என்றபோது நான் கணக்கில் பாதியில் இருந்தேன்.

வெளியில் வந்தபோது வழுக்கை அண்ணன் என் பக்கத்திலேயே படி இறங்கினார். "நாப்பத்தொண்ணுக்கு என்னம்மா போட்ட?" என்றார், இன்னும் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது. ஒன்பது என்றேன். "எட்டும்மா. டையூ டாமனையும் தாத்ராவையும் ஒண்ணாச் சேத்துட்டானே." போய்விட்டார். நான் படியிலேயே நின்றேன். சொந்தப் புத்தியில் போட்ட முதல் விடையும் தப்பு.

புங்க மரத்தடியில் அத்தான் ஆவுடையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையை நீட்டினார். பிள்ளையை எனக்குத் தந்துவிட்டுக் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் பேனா தயாராக இருந்தது. "பொறு, நான் டிக் அடிச்சிட்டே வாரேன், மார்க்கு இப்பவே தெரிஞ்சிரும்." நான் மரத்துக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்து சேலைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். டிக், டிக் என்று பேனா போகிற சத்தம். புளூட்டோவுக்கு டிக். காரக்பூருக்கு டிக். முப்பதுக்கு டிக். அப்புறம் நின்றது.

"ஏட்டி. இதுல ஏழே இல்ல."

"ஆமா."

"கேள்வி தப்புல்லா. எல்லாருக்கும் மார்க் குடுப்பான். எழுதிப் போடணும்."

"கேள்வி சரிதான் அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று இருந்தேன், எதையும் அப்படித்தான் சொல்வேன், இது சிரிப்பில் வரவில்லை. "நாம ரெண்டு பேரும் இருக்கது தென்காசி மாவட்டம். உங்க முப்பதுல அது எங்க இருக்கு?"

வாயைத் திறந்தார். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று உதடு வரிசையாகப் போவது தெரிந்தது. பாதி வழியில் நின்றது. பேனா மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். ரோட்டில் பஸ் போனது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார், இப்படி ஒரு பஸ்ஸை இதற்கு முன் பார்த்ததே இல்லை போல.

"எத்தனை?" என்றார். "எத்தனை கேள்வி எம் பேச்சைக் கேட்டுப் போட்ட?"

"நாப்பது. அதுல பதினொண்ணு போச்சு."

"அதுக்கப்புறம்?"

ஆவுடை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவர் என்னைக் கேட்டதெல்லாம் ஆயிரம் கேள்வி இருக்கும், ஒன்றுக்குக் கூட நான் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"அதுக்கப்புறம் உங்க பேச்சைக் கேக்கல, அத்தான்."